வியாழன் பின்னேரம் மட்டும்

மிளகாய் செவ்வாயும் வெள்ளியும்.
கோப்பி திங்கள்.
ஒடியல் வந்தால் எந்த நாளென்றில்லை.
நாவற்கொட்டைக்கு மட்டும்
வியாழன் பின்னேரம், நாலு மணிக்குப் பிறகு என்று
சுன்னாகத்து மில் கதவில்
நான்தான் சோக்கட்டியால் எழுதிவைத்தேன்.
முந்தி அரைத்தால் இரும்பில் துவர்ப்பு ஏறிவிடும்.
அடுத்து வருகிறவள் தன் சரக்குத்தூள்
பழுதாய்ப்போனதென்று சண்டைக்கு வருவாள்.
வந்திருக்கிறாள்.

ஆவணி பிறந்தால் வரிசை.
ஹோர்லிக்ஸ் போத்தல், பால்மா ரின்,
பழஞ்சீலையில் கட்டிய முடிச்சு.
ஆளுக்காள் சொல்லிக்கொள்வது பேரை அல்ல, இலக்கத்தை.
"எனக்கு இருநூற்றிப் பத்து."
"போன மாசம் முன்னூறு, இப்ப நூற்றியெண்பது."
சோதினை மறுமொழி வந்த பிள்ளைகள்போல
ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்க்கிறார்கள்.
வெந்தயம் கலக்கச் சொல்வோர் உண்டு,
பாகல் விதை, கருஞ்சீரகம்,
எவரோ சொன்ன ஏதோ ஒன்று.
லண்டனுக்கு அனுப்பவென்று வந்தவள்
மூன்று பொலித்தீன் சுற்றிவிட்டு
"மணம் வெளியில வராதுதானே?" என்கிறாள்.
மணம் வராது தங்கச்சி,
நிறம்தான் சாம்பல்போல இருக்கும்.
கொண்டுபோறவர் விமான நிலையத்தில்
ஆர் செத்ததென்று பதில் சொல்லவேண்டி வரும்.

அரியரட்ணம் கொண்டுவருவது வேறு விதம்.
தபால் கந்தோரில் முத்திரை குத்திக் களைத்த கை.
பள்ளிக்கூட மதிலோரம், இடைவேளை மணி அடித்தபின்,
பிள்ளைகள் துப்பிவிட்டுப் போனதை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்குவார்.
மூன்று தண்ணி கழுவி, தகரத்தில் காயவைத்து,
"பழம் அவையளுக்கு, கொட்டை எனக்கு.
காணி பிரிச்ச சகோதரங்களைவிட
நியாயமான பங்கு" என்பார்.

தூள் இருக்கக் குளிசை ஏன் என்று
அவர் விட்டது எப்போதென்று தெரியாது.
நெருஞ்சி ஒன்று குத்தியதாம்.
அதுவும் மருந்துச் செடிதான்.
குத்தியது காலுக்குத் தெரியவில்லை.
பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்.

இந்த வருடம் வந்தார்.
ஒரு செருப்பு மட்டும் புதிது, அகலம்.
கொட்டை அரை ரின்; குனிய ஏலாதாம்.
சட்டைப் பைக்குள் கிளினிக் கொப்பி.
"டொக்டரிட்டச் சொல்லிட்டன். ஏசினார்.
ஏசி முடிச்சு, எத்தினை கரண்டி எண்டு கேட்டு
எழுதி வைச்சார்."
வேலை செய்யுதோ, கேட்டேன்.
பெல்ட் ஓடும் சத்தத்துக்குள் நெடுநேரம் யோசித்து,
"துவர்க்குது. அது நிச்சயம்."

நான் கேட்டதற்குக் காரணம் இருந்தது.
போன ஞாயிறு வாசிகசாலைப் பந்தலில்
இலவசமாய்ப் பார்க்கிறார்கள் என்று
சும்மா நீட்டிய விரல்.
ஜெசிந்தா மிஸ் இயந்திரத்தை ஒருதரம் தட்டிப் பார்த்தாள்.
"இருநூற்றியெண்பத்தாறு. சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?"
இல்லைப் பிள்ளை.
பதினொரு வருடமாய் வியாழன்தோறும்
இந்தத் தூளை மூக்கால் குடிக்கிறன்.
இமை, மீசை, வேட்டி மடிப்பு
எல்லா இடமும் மருந்து.
அவள் சிரிக்கவில்லை. கொப்பி ஒன்று தந்தாள்.
முதற் பக்கத்தில் என் பேர்,
அதற்குக் கீழே, பேரைவிடப் பெரிதாய், இலக்கம்.

கடைசி ஆள் போனபின்
மில்லைத் துப்புரவாக்க
இரண்டு பிடி பச்சையரிசி போட்டு ஓட்டவேண்டும்.
வருவது மாவும் அல்ல, மருந்தும் அல்ல.
மழைக்கு முந்திய வானத்தின் நிறத்தில்
ஒரு சிரட்டை அளவு.
இதுவரை கோழிக்குத்தான் போட்டேன்.
இன்று கடதாசியில் மடித்து
வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

திலகமலர் ரொட்டி சுட்டாள்.
ஒரு துண்டு வாயில் வைத்து
"என்ன இழவப்பா இது" என்று
குசினி யன்னலால் துப்பினாள்.
நான் முழுதும் தின்றேன்.
தண்ணீர் குடித்தேன்.
பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
குளிசை மட்டையில்
இரவுக்கு எத்தனை என்று
வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன்.